திரும்பத் தெரியாத கப்டன்

என் அக்காவின் கணவரை இங்கே 'அவர்' என்றே எழுதப்போகிறேன். பழக்கத்தால் வருகிற 'அவர்' அது. மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் நான் அவரை அத்தான் என்று கூப்பிட்டேன். மொன்றியலில் மற்றத் தமிழ்ச் சனம் கப்டன் என்று கூப்பிட்டது. அப்படிக் கூப்பிடும்படி சொல்லிக்கொடுத்தவர் அவரேதான்.

கப்டன் என்றதும் முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. வாரநாட்களில் அவர் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். சனி ஞாயிறுகளில், லொங்குய்ய் பக்கத்தில் இருந்த சின்ன விமான நிலையத்தில், ஒரு பறக்கும் கழகத்தின் நான்கு இருக்கைக் குட்டி விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டுவார். கையில் இருந்தது தனியார் விமானிக்குரிய அனுமதிப்பத்திரம். பகலில், முகிலுக்கு வெளியே, தரை கண்ணுக்குத் தெரிகிறபோது மட்டும் ஓட்டலாம். அதை எடுப்பதும் லேசான காரியம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வேலை முடிந்து வந்து இரண்டு வருடம் படித்தார். சோதனை எழுதினார். பாஸ் பண்ணினார். அத்தோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திராது.

பத்திரம் கிடைத்த கையோடு தோளில் நான்கு தங்கக் கோடு வைத்த வெள்ளைச் சட்டை ஒன்று தபாலில் வந்தது. பெரிய விமானக் கம்பனிகளில் கப்டன்மார் போடுகிற சட்டை. குட்டி விமானம் ஓட்டுகிறவர்களுக்குச் சீருடை என்று ஒன்றும் கிடையாது. கழகத்தில் மற்றவர்கள் பழைய ஜீன்ஸோடு வந்து ஓட்டிவிட்டுப் போவார்கள். இவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் போனார். பிள்ளைகளின் முதல்நன்மை விருந்துகளுக்குப் போனார். ஒருமுறை செத்தவீட்டுக்கும் போனார். அக்கா அதை வாராவாரம் அயன் பண்ணிக் கொடுத்தார். கோடுகளில் சூடு படக் கூடாது என்று அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

"மேல ஏறினாப் பிறகு கடவுளும் நானும்தான்" என்பது அவருடைய வசனம். பங்குத்தந்தையிடமே சொல்லியிருக்கிறார். அந்த நல்ல மனிதர் சிரித்துவிட்டுத் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

பெருமையடிக்கிற ஆட்கள் எங்கள் தமிழ்க் கத்தோலிக்க மிசன் மண்டபத்தில் நிறைய இருந்தார்கள். அதற்காக மட்டும் ஒருவரை இவ்வளவு காலம் மனத்தில் வைத்திருக்க மாட்டேன். அவரிடம் வேறொன்று இருந்தது. 'தெரியாது', 'ஏலாது' என்ற இரண்டு சொற்களும் அவர் வாயில் வராது. அதுவும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் வரவே வராது. பிறகு அதனால் வருகிற கேட்டை வேறு யாருடைய தலையிலாவது வைத்துவிடுவார். பெரும்பாலும் அது அக்காவின் தலையாக இருக்கும்.

நான் கனடாவுக்கு வந்த புதிதில் லொங்குய்யில் அவர்களுடைய வீட்டு நிலவறையில்தான் குடியிருந்தேன். பகலில் ஒரு கார்தெரியில் குழந்தைகளைப் பார்க்கிற வேலை. அந்த வேலையால் எனக்குப் பிரெஞ்சு சீக்கிரம் பிடிபட்டது. அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் அதை அவர் சொன்னதில்லை. யார் பிரெஞ்சில் எது கேட்டாலும் தலையை ஆட்டி "வி, வி, பா த ப்ரொப்ளேம்" என்பார். பிரச்சினை இல்லை என்று அர்த்தம்.

ஒருநாள் அக்காவின் மகளுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அக்காவுக்கு வேலை, இவர் போனார். நான் கூட வருகிறேன் என்றதற்கு, "ஏன், எனக்கு வாய் இல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். வந்து, பிள்ளை வகுப்பிலேயே திறம், ஆசிரியை மெச்சினார் என்று சொன்னார். அன்றைக்குக் கேக் வெட்டினோம். பனிக்காலம் முடியும் தறுவாயில் அந்த ஆசிரியை வீட்டுக்குப் போன் எடுத்தார். நான்தான் எடுத்துக் கதைத்தேன். பிள்ளைக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை, உடனே காட்டுங்கள் என்று அன்றைக்கே சொன்னேனே, அப்பா பிரச்சினை இல்லை என்றாரே, ஏன் இன்னும் காட்டவில்லை என்று கேட்டார். காட்டியபோது வைத்தியர், ஐந்தாறு மாதம் முந்தி வந்திருக்கலாம் என்றார். பிள்ளைக்கு அந்தக் காது இன்றைக்கும் அரைவாசிதான் கேட்கும்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "தாய்மார் தான் உதுகளைக் கவனிக்கோணும்."

அக்கா பிள்ளையின் தலையைத் தன் மடியில் சாய்த்து மருந்து விட்டுக்கொண்டிருந்தார். நான் நிலவறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அன்றைக்குத்தான் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் வேறொன்றாக மாறியது. கோபம் வந்தால் ஆறும். இது ஆறவில்லை.

காரிலும் அப்படித்தான். ஒட்டாவாவில் அக்காவின் பள்ளித் தோழியுடைய தாயின் நல்லடக்கம். நெடுஞ்சாலையில் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். பின்னால் இருந்த எனக்கே தெரிந்தது. "அத்தான், அடுத்ததில இறங்கித் திரும்புவம்" என்றேன். இது குறுக்குவழி என்றார். குறுக்குவழி எங்களை ரொறன்ரோ போகிற பாதையில் வெகுதூரம் கொண்டுபோனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் சேமக்காலையிலிருந்து திரும்பி வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். றோட்டில் பெரிய விபத்து என்று அவர் எல்லோருக்கும் சொன்னார். விபத்தில் எத்தனை வாகனம் என்றுகூடச் சொன்னார். அக்கா தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் நாலு இருக்கை உள்ள ஒரு விமானமும் இணையமும் சேர்ந்து கிடைத்தன.

இரண்டாயிரங்களின் நடுவில் எல்லாரும் எல்லாவற்றையும் இணையத்தில் பகிரத் தொடங்கியிருந்தார்கள். கியூபெக் நகருக்குக் காரில் போகிறவர் காலியாக உள்ள இருக்கையைப் பற்றி அதில் போடுவார்; போக வேண்டிய ஒருவர் வந்து ஏறிக்கொண்டு பெற்றோல் செலவில் பங்கு கொடுப்பார். அதேபோலத் தனியார் விமானிகளுக்கும் ஒரு தளம் வந்தது. விமானி தன் சொந்த அலுவலாக எங்கோ பறக்கிறார், இருக்கை காலியாக இருக்கிறது, வருகிறவர்கள் எண்ணெய்க்கும் வாடகைக்கும் ஆகிற செலவைப் பங்கிடலாம். விமானியும் தன் பங்கைப் போட வேண்டும். லாபம் எடுக்கக் கூடாது. ஆளேற்றும் தொழிலாக நடத்தக் கூடாது. இதுதான் விதி. நல்ல ஏற்பாடுதான். கழகத்தில் பலர் அதை நேர்மையாகச் செய்தார்கள்.

இவர் தன்னுடைய பங்கு என்பது தன்னுடைய திறமை என்று விளங்கிக்கொண்டார். செலவு முழுவதும் ஏறியவர்களின் தலையில் விழும். என்னிடமும் வாங்கியிருக்கிறார். சொந்த அலுவல் என்று காட்டுவதற்கு அக்காவையும் என்னையும் பின் இருக்கையில் ஏற்றுவார். "குடும்பத்தோட போறன் எண்டால் ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம். ஏறுறவைக்கும் பயம் இராது" என்பார். முன் இருக்கை இணையத்தில் வந்தவருக்கு.

விளம்பரத்தின் பிரெஞ்சைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் தந்தார். 'அனுபவம் வாய்ந்த கப்டன். எந்தக் காலநிலையிலும்' என்று தொடங்கியது. எந்தக் காலநிலையிலும் என்பதை வெட்டினேன். "அத்தான், உங்களுக்கு முகிலுக்குள்ள ஓட அனுமதி இல்லைத்தானே" என்றேன்.

"சனத்துக்கு அதெல்லாம் விளங்காது தங்கச்சி. நம்பிக்கை வாறமாதிரி எழுதோணும்."

அடுத்த நாள் பார்த்தபோது வெட்டிய சொற்கள் திரும்ப ஏறியிருந்தன.

முதல் கோடையில் வந்தவர்களில் ஒருவரை மறக்க முடியாது. மட்டக்களப்புக்காரர். ஓர் உணவகத்தில் சமையல் வேலை. தளத்தில் தமிழ்ப் பெயர் ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு வந்திருந்தார். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் மொன்றியலை மேலிருந்து பார்க்க வேண்டுமாம். அன்றைக்கு இருக்கை இல்லாததால் நாங்கள் ஏறவில்லை, கீழே நின்றோம். ஏறுவதற்கு முன் அவர் அத்தானிடம் மெல்லச் சொன்னார்: "அண்ணை, எனக்கு பிளேன் சத்தம் கொஞ்சம் ஒத்துவராது. ஊரில பொம்மர் அடிக்கேக்க பங்கருக்க கிடந்த ஆள் நான். பிள்ளையளுக்காகத்தான் வாறன். மெதுவா ஓட்டுங்கோ."

"பிரச்சினை இல்லை" என்றார் அத்தான். இந்த முறை தமிழில்.

மேலே என்ன நடந்தது என்பதை அவரே அடுத்த ஞாயிறு மண்டபத்தில் கதையாகச் சொன்னார். ஆற்றுக்கு மேல் வந்ததும், பயம் தெளியட்டும் என்று, விமானத்தின் மூக்கைக் கீழே குத்தி ஒரு பாய்ச்சல் பாய்ந்து காட்டினாராம். அந்த மனிதர் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு காலுக்குள் குனிந்துவிட்டாராம். "பங்கர் தேடினவர்" என்று சொல்லிவிட்டு அத்தான் சிரித்தார். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் எங்களைப் போலவே குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்து வந்தவர்கள். அவர்கள் சிரிக்கவில்லை.

அவர் சொல்லாததை நான் கீழே நின்று பார்த்தேன். விமானம் வந்து நின்றதும் அந்த மனிதர் இறங்கி, காற்சட்டையின் முன்பக்கத்தைத் தொப்பியால் மறைத்துக்கொண்டு காருக்கு நடந்தார். மூத்த பிள்ளை தகப்பனின் கையைப் பிடித்திருந்தது. பிள்ளை தகப்பனைப் பார்க்கவில்லை. அக்கா பின்னால் ஓடிப்போய் ஏதோ சொல்ல முயன்றார். அவர் "பரவாயில்லை அக்கா" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

நான் சொல்ல வந்தது அதற்கடுத்த நவம்பரில் நடந்தது.

தளத்தின் வழியாக ஒரு கியூபெக் மதாம் வந்திருந்தார். ஐம்பது கடந்தவர். கியூபெக் நகரையும் தாண்டிக் கிழக்கே இருக்கிற ரிமூஸ்கியில் ஆஸ்பத்திரியில் தகப்பன் கடைசி மூச்சில் கிடக்கிறார். பஸ்ஸில் போனால் இரவாகிவிடும், விமானத்தில் மத்தியானத்துக்கு முன் போய்விடலாம் என்று வந்திருந்தார். கையில் ஒரு பை. அதற்குள் தகப்பனுக்கு வீட்டில் காய்ச்சிய ஸ்ட்ராபெரி ஜாம் இருப்பதாக என்னிடம் சொன்னார். "இனிச் சாப்பிட மாட்டார். மணந்தாவது பார்க்கட்டும்."

கழகத்தின் முன்மேசையில் ஓர் இளம்பெண் இருந்தாள். பறக்கப் பழக்குகிற ஆசிரியை. திரையைப் பார்த்து, கியூபெக் நகரைத் தாண்டினால் முகில் இறங்கி வருகிறது, பனியும் விழலாம், இன்றைக்கு யோசித்துப் போங்கள் என்று அத்தானிடம் சொன்னாள். மதாம் பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தான் சட்டையின் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னது உங்களுக்கு இப்போது தெரியும்.

மதாமிடம் செலவுப் பங்கைக் கிளம்பும் முன்பே வாங்கிக்கொண்டார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம்.

கியூபெக் நகர்வரை நல்ல வெளிச்சம். அதற்குப் பிறகு ஆறு அகன்றது, வானம் பதிந்தது. மேலே சாம்பல், கீழே சாம்பல், நடுவில் நாங்கள். முகிலுக்குக் கீழே போவதற்காக அவர் இறக்கினார். முகிலும் கூடவே இறங்கியது. கரையில் வீட்டுக் கூரைகள் தெரிந்தன, ஒரு தேவாலயத்தின் கோபுரம் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. கண்ணாடியில் ஈரப்பனி வந்து அப்பத் தொடங்கியது.

எல்லோருடைய காதிலும் ஒலிவாங்கி வைத்த ஹெட்போன் இருந்ததால் ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்டது. மதாம் பிரெஞ்சில், "மெஸ்யூ, திரும்பிவிடலாம். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்" என்றார்.

"பா த ப்ரொப்ளேம், மதாம்."

குரல் மெலிந்திருந்தது. "அத்தான், திரும்புவம்" என்றேன்.

"நீ பேசாமல் இரு. எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்து அவருடைய கழுத்தைப் பார்த்தேன். நவம்பர்க் குளிரில் வெள்ளைக் கொலர் நனைந்து ஒட்டியிருந்தது. கை விமானத்தின் பிடியை இறுக்கி இறுக்கி வெளுத்திருந்தது. முன்னால் வெறும் வெள்ளை. அந்த நிமிடம் எனக்கு ஒன்று நன்றாக விளங்கியது. இந்த மனிதர் சாவுக்கும் பயந்து நடுங்குகிறார், ஆனால் மதாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரும்புவதற்கு அதைவிடப் பயப்படுகிறார். அந்தப் பயத்துக்காக எங்கள் நாலு பேரையும் மலையில் கொண்டுபோய் மோதுவார்.

அப்போது அக்காவின் குரல் வந்தது. "இஞ்சருங்கோ. எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது."

"என்னப்பா, இப்பவோ?"

"ஓம். மூச்சு விடக் கஷ்டமாக் கிடக்கு. இடக்கை இழுக்குது. என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

அவர் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், இவர் முகத்தில் அப்படி ஓர் ஆறுதல் வந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். தண்ணீருக்குள் மூச்சடக்கியவன் மேலே வந்தது போல இருந்தது.

"சரி, சரி. திரும்புறன்" என்றார். "உமக்காகத் திரும்புறன்."

விமானம் சரிந்து திரும்பியது. நான் பதறிப்போய் அக்காவின் கையைப் பிடித்தேன். கை இளஞ்சூடாக, காய்ந்து, ஒரு நடுக்கமும் இல்லாமல் இருந்தது. அக்கா என் உள்ளங்கையில் நகத்தால் நன்றாகக் கிள்ளினார். என்னைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பிடித்தபடி முனகிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்குள்ளிருந்து கோபுரம் திரும்பத் தெரிந்தது. பிறகு கூரைகள். பிறகு ஆற்றின் கரை. அத்தானுடைய குரலுக்குப் பழைய தடிப்பு வந்துவிட்டது. வானொலியில் கியூபெக் நகர விமான நிலையத்துக்கு, விமானத்தில் நோயாளி என்று அறிவித்தார். இறங்கியபோது ஓடுபாதை ஓரத்தில் அம்புலன்ஸ் நின்றது. ஆகவே அக்கா தூக்குப்படுக்கையில் ஏறிப் படுக்க வேண்டியதாயிற்று. தோள் கோடுகள் தெரிய அவர் பக்கத்தில் நின்று, தான் எப்படி நிதானம் தவறாமல் விமானத்தைத் திருப்பினார் என்று அந்த ஆட்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். மதாம் அக்காவின் மேல் குனிந்து, நெற்றியில் கையை வைத்து, "மெர்சி, மதாம்" என்று நன்றி சொன்னார். அவருடைய கண்ணீர் அக்காவின் போர்வையில் விழுந்தது. அவருக்கு விளங்கியிருந்தது. தமிழ் தெரியாத மனுசிக்கு விளங்கியது, பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதருக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, இதயம் திறமாக இருக்கிறது என்றார்கள். மன அழுத்தமாக இருக்கலாம் என்றார்கள். திரைச்சீலைக்குள் நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது கேட்டேன், "ஏன் அக்கா நேர திரும்பச் சொல்லேல்லை?"

"நீ சொன்னனி. அந்த மனுசி சொன்னவ. திரும்பினவரோ?"

அக்கா திரைச்சீலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவருக்கு ஒரு சாட்டு வேணும். குடுத்தன். பிள்ளை அங்க பக்கத்து வீட்டில நிக்குதெல்லே."

சொல்லிவிட்டு ஒட்டியிருந்த வயரின் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்துத்தான் அழுதார். சத்தம் வராமல், வாயைப் போர்வையால் பொத்திக்கொண்டு.

மதாம் பஸ் பிடித்து அன்றிரவே போய்ச் சேர்ந்தார். ஒரு கிழமை கழித்து அக்காவின் சுகம் விசாரிக்கப் போன் எடுத்தார். தகப்பன் இரண்டு நாள் இருந்தாராம், மகளை அடையாளம் கண்டாராம். கொடுத்த காசைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, அத்தான் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறு மிசன் மண்டபத்தில் கதை இப்படி வந்தது: "மனிசிக்கு நெஞ்சுநோ வந்திட்டுது. இல்லாட்டி ரிமூஸ்கியில பூப்போல இறக்கியிருப்பன். பொம்பிளையளை ஏத்தினால் இதுதான் கரைச்சல்." பெண்கள் வந்து, ஏலாத உடம்போடு ஏன் ஏறினீர்கள் என்று அக்காவைக் கேட்டார்கள். அக்கா, "ஓம், பிழைதான்" என்று சொல்லித் தேநீர்த் தட்டை நீட்டினார். நான் மண்டபத்தை விட்டு வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் குளிருக்குள் நின்றேன். உள்ளே நின்றிருந்தால் அந்தத் தட்டைப் பறித்து அவர் மேல் எறிந்திருப்பேன்.

விளம்பரம் திரும்பத் தளத்தில் ஏறியது. கிறிஸ்மஸ் முடிய மொன்-த்ரொம்ப்ளான் பக்கம், பனிச்சறுக்குக்காரர்களுக்கு மூன்று இருக்கை காலி. எந்தக் காலநிலையிலும்.

அதைப் பார்த்த அன்று அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு கழகத்துக்குப் போனார். அவருக்குத் தெரியாமல்தான். முன்மேசையில் அதே இளம்பெண். நான் பிரெஞ்சில் தொடங்க, அக்கா என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டுத் தன்னுடைய மெதுவான ஆங்கிலத்தில் தானே சொன்னார். என் நெஞ்சில் ஒரு வருத்தமும் இல்லை. நான் பொய் சொன்னேன். அவர் முகிலுக்குள் போய்விட்டார். அவருக்குத் திரும்பத் தெரியவில்லை. வேறு ஆட்களும் ஏறப்போகிறார்கள்.

அந்தப் பெண் ஒரு கதிரையை இழுத்து அக்காவை இருத்தினாள். அக்கா வந்ததை அவருக்குச் சொல்ல மாட்டேன் என்றாள். தடை எல்லாம் போடவில்லை. அம்புலன்ஸ் வந்த பறப்பு என்பதால், அடுத்த வாடகைக்கு முன் தன்னோடு ஒரு மணித்தியாலம் பறந்து காட்ட வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்வதாகச் சொன்னாள். கழகத்தில் எல்லோருமே இடைக்கிடை செய்கிற விஷயம்தானாம்.

அவர் அன்று வீட்டுக்கு வந்த வேகத்தில் சப்பாத்தைக் கழற்றவில்லை. "நேற்றுப் பிறந்த பெட்டை எனக்குச் சோதினை வைக்கப்போறாளாம்."

அக்கா கறியைக் கிளறிக்கொண்டு சொன்னார், "ஒரு மணித்தியாலம் தானே. போய்ச் செய்து காட்டுங்கோவன். பிழை இருந்தால் அந்தப் பிள்ளை சொல்லித் தருவா."

"எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை."

அக்கா அன்றைக்கு ஒரு தரம் மட்டும் சொல்லவில்லை. அந்தப் பனிக்காலம் முழுக்கச் சொன்னார். உண்மையாகவே அவர் போய்க் காட்டித் திரும்பப் பறக்க வேண்டும் என்று விரும்பினார். அதுதான் எனக்கு விளங்காத விஷயம். அவர் போகவில்லை. ஒரு மணித்தியாலம் ஒரு சின்னப் பெண்ணின் பக்கத்தில் இருந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, பிழை விட்டுத் திருத்திக்கொள்வதைவிட ஆகாயத்தையே விட்டுவிட்டார். அதன் பிறகு அவர் ஒருநாளும் விமானம் ஓட்டவில்லை.

மண்டபத்தில் வேறு கதை. "தமிழன் ஒருத்தன் கப்டனா இருக்கிறது அவைக்குப் பிடிக்கேல்லை." இந்த ஊரில் அப்படி நடப்பதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கார்தெரியில் என் கையால் பிள்ளையை வாங்க மறுத்த ஒரு தாயை நான் கண்டிருக்கிறேன். அது எனக்கு நடந்தது, உண்மையில் நடந்தது. அதை எடுத்து இந்த மனிதர் தன் வெட்கத்தை மூடப் போர்த்திக்கொண்டதை, அவர் செய்த எல்லாவற்றிலும் கேவலமானதாக நான் நினைக்கிறேன்.

மூன்று நான்கு வருடம் போனது. நான் வேலைக்கு அருகாக, மொன்றியலின் வடக்கே இருக்கிற அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லுக்கு மாறியிருந்தேன். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளை அங்கே ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். அக்காவுக்காகப் போனேன். தோள் கோட்டுச் சட்டை வயிற்றில் பூட்டவில்லை, மேலே கோட் போட்டு மறைத்திருந்தார். அவருடைய மேசையில் ஒரு கூட்டம். எங்கள் பாடகர் குழுவில் ஓகன் வாசிப்பவரின் மகள் அவருக்கு எதிரே இருந்தாள். அவள் பறக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அதைக் கேள்விப்பட்டு அவர் ரிமூஸ்கிக் கதையை எடுத்துவிட்டார்.

பக்கத்து மேசையில் அக்காவோடு இருந்து கேட்டேன். கதையில் இப்போது நெஞ்சுநோ இல்லை. அக்காவே இல்லை. முகிலைக் கண்டார், ஒரு நொடி யோசித்தார், திரும்பினார்.

அந்தப் பிள்ளை முன்னால் குனிந்து கேட்டாள், "அங்கிள், எனக்கு உதுதான் பயம். ஆக்கள் இருக்கேக்க திரும்ப வெக்கமா இருக்காதோ? எப்பிடி முடிவெடுத்தனீங்கள்?"

"உயிரை விட வெக்கம் பெரிசோ பிள்ளை?" என்றார் அவர். "முன்னால வெள்ளையாத் தெரிஞ்சால் உடன திரும்போணும். ஆர் பக்கத்தில இருந்தாலும், ஆர் என்ன சொன்னாலும். ஏலாது எண்டு வாயைத் திறந்து சொல்லோணும். அதுதான் கப்டன்."

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு."

"பச்சைப் பொய் அக்கா."

"பொய்தான்." அக்கா அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ வாற மாசம் முதல்முதல் தனியப் பறக்கப்போறாவாம். கேட்டுக்கொண்டு போகட்டும்."

நான் இருந்தேன். முகில் வந்தால் எப்படித் திரும்புவது என்று அவர் உள்ளங்கையை விமானம் போல விரித்து, மெல்லச் சரித்து, வட்டமாகக் கொண்டுவந்து அந்தப் பிள்ளைக்குக் காட்டினார். பிள்ளை தன் கையாலும் அப்படியே செய்து பார்த்தாள். ஒருமுறை பிழை வந்தது. அவர் திருத்தினார். சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தார்.